அழித்த பக்கங்களை மீண்டும் ஏற்றுங்கள்: ஒரு தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

நிர்வாகத்தினருக்கு, குறிப்பாக என்னிடம் தொலைபேசியில் பேசிய உங்களுக்கு,

2010க்கு முன்பு உங்கள் தளத்தில் வெளியான எல்லாவற்றையும் போன மாதம் எடுத்துவிட்டீர்கள். 2004 பிப்ரவரியிலிருந்து 2008 டிசம்பர் வரை நான் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகளும் பேட்டிகளும் அதோடு போய்விட்டன. எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு கல்லூரி மாணவி தன் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருந்த என் பழைய பேட்டி திறக்கவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஆங்கிலத்தில் இரண்டு முறை உங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. பிறகு தொலைபேசியில் அழைத்தபோது நீங்கள் எடுத்தீர்கள், என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினீர்கள். "அதெல்லாம் பழைய சரக்கு சார், மாசத்துக்குப் பத்துப் பேர்கூடப் படிக்கிறதில்லை, கூகுள்ல நம்ம ரேங்க்கை அது கீழ இழுக்குது" என்றீர்கள். மரியாதையாகத்தான் பேசினீர்கள். அந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் சொன்னதற்குத் தமிழிலேயே பதில் எழுதுகிறேன். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள நிறுவனங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்பதால் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் கூகுள் விஷயம். பழைய பக்கங்கள் இருந்தால் தேடலில் தளம் பின்னுக்குப் போகும் என்று நம்பிச் செய்தித் தளங்கள் கட்டுரைகளை அழிக்கத் தொடங்கியபோது, 2023 ஆகஸ்டில், கூகுளின் தேடல் பிரிவே வெளிப்படையாக மறுத்தது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் அழிக்கத் தேவையில்லை என்று சொன்னது. நீங்கள் சொன்ன காரணம் அன்றே போய்விட்டது.

அடுத்து, பழைய சரக்கு. அது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே பாதிக் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. 2000இல் தொடங்கி இணைய நிறுவனங்களை வரிசையாகக் கவிழ்த்த டாட்காம் சரிவிலிருந்து ஊர் இன்னும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த விலையுயர்ந்த நாற்காலிகள் திவாலான ஒரு நிறுவனத்திடமிருந்து ஏலத்தில் எடுத்தவை. இன்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட் போன்ற பத்திரிகைகள் விளம்பரத்தால் தொலைபேசிப் புத்தகம் போலப் பருத்து, 2001இல் மூடிப்போயிருந்தன. இணையத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் சின்னச் சின்னதாக ஏதோ முளைத்தது. நண்பர்களை இணைக்கும் ஃப்ரெண்ட்ஸ்டர் தளம் ஏற்கெனவே இருந்தது. 2004 பிப்ரவரியில் வான்கூவரிலிருந்து ஒரு சிறு குழு, தாங்கள் கட்டிக்கொண்டிருந்த இணைய விளையாட்டிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, படங்களைப் பகிரும் தளமாக, ஃப்ளிக்கர் என்று வெளியிட்டது. நியூயார்க்கில் முதலீட்டு வங்கி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஜோஷுவா ஷாக்டர் என்பவர் டெலிஷியஸ் என்ற தளத்தைத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார். நாம் சேமிக்கும் லிங்குகளை ஊரே பார்க்கலாம், அதற்கு நாமே ஒரு சொல்லை ஒட்டி வைக்கலாம். இன்று இது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்று, முன்பின் தெரியாத ஒருவர் நான் படிப்பதையே படிக்கிறார் என்று திரையில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பை அன்றன்றைக்கே எழுதிவைத்த பக்கங்களைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்.

எங்கள் நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்கும். நியூயார்க் எங்களைவிட மூன்று மணி நேரம் முன்னால் ஓடுவதால் அதற்குமேல் தூங்கினால் செய்தி கைவிட்டுப் போய்விடும். தளங்களில் புதிதாக வருவதைத் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் ஓடைகள் இருநூறையும் பார்த்து முடிப்பதற்குள் எட்டு மணி ஆகும். பகலில் சவுத் பார்க். இரண்டாவது தெருவுக்கும் மூன்றாவது தெருவுக்கும் நடுவே முட்டை வடிவில் இருக்கும் சின்னப் பூங்கா அது. அங்கே மர பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இன்னும் பெயரே முடிவாகாத தளங்களைக் காட்டுவார்கள். வலென்சியா தெருவில் 2005இல் ரிச்சுவல் காபிக் கடை திறந்த பிறகு பாதிப் பேட்டிகள் அங்கே மாறின. இரவு யாராவது விருந்து வைப்பார்கள். பீட்சா, மலிவான பீர், சுவரில் ஒரு செயல்விளக்கம். பதினொரு மணிக்கு வீடு திரும்பி எழுதத் தொடங்குவேன். இந்த நேரத்துக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு வரும் செய்திகள் பெரும்பாலும் இரவு ஒன்பதுக்கு விடுபடும். அவற்றை மட்டும் விருந்துக்குப் போகும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். 2005 ஜூனில் டெக்கிரஞ்ச் என்ற தொழில்நுட்ப வலைப்பதிவு தொடங்கிய பிறகு நிமிடக் கணக்கு வந்துவிட்டது. தன் வீட்டிலிருந்தே அதை எழுதிய ஒருவர், பத்துப் பேர் கொண்ட எங்கள் செய்தி அறையை வாரத்துக்கு மூன்று முறை முந்தினார்.

நாங்கள் யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களோடுதான் சாப்பிட்டோம், அவர்கள் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தோம். ஒருமுறை ஒரு நிறுவனர், சம்பளம் குறைவாயிற்றே என்று, தன் நிறுவனத்தில் கொஞ்சம் பங்கு தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நல்ல பேர் வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை, எங்கள் ஆசிரியர் போட்ட விதி அது. ஒரு பங்குகூட வைத்திருக்கக் கூடாது, விருந்தில் குடித்த பீருக்குக்கூட முடிந்தால் காசு வைத்துவிட்டு வா என்பார். அப்படி எழுதப்பட்ட பக்கங்கள் அவை.

எல்லாமே நல்ல கட்டுரைகள் என்று சொல்ல மாட்டேன். சில நிறுவனங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். மனிதர்களை இணைக்கிறோம் என்று அவர்கள் சொன்னதை ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படியே எழுதியிருக்கிறேன். 2006இல் ட்விட்டரை முதலில் பார்த்தபோது இது ஒரு மாதம்கூடத் தாங்காது என்று எழுதினேன். சவுத் பார்க்கில் ஓடியோ என்ற பாட்காஸ்ட் நிறுவனம், ஆப்பிள் தன் ஐட்யூன்ஸிலேயே பாட்காஸ்ட்டைச் சேர்த்துவிட்ட பிறகு, வேறு வழி தேடிக்கொண்டிருந்தபோது பிறந்த ஒரு சிறு முயற்சி அது. அடுத்த மார்ச்சில், டெக்சஸின் ஆஸ்டினில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் மாநாட்டின் தாழ்வாரங்களில் பெரிய திரை வைத்துக் காட்டினார்கள், ஊரே அதன் பின்னால் போனது. என் தவறான கணிப்பும் அந்தத் தளத்தில்தான் இருந்தது. அதுவும் இருக்க வேண்டும். நாங்கள் எங்கே ஏமாந்தோம், எதைக் கேட்காமல் விட்டோம் என்று தெரிந்துகொள்ள ஒரு மாணவிக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இன்னொன்று சொல்கிறேன். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக், நண்பர்கள் செய்வதையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தது. ஒரு சில நாளில் லட்சக்கணக்கானவர்கள் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்கள், அதுவும் ஃபேஸ்புக்கின் உள்ளேயே. 2007 நவம்பரில் பீக்கன். வேறொரு தளத்தில் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதை உங்கள் நண்பர்களுக்குச் சொல்லிவிடும் ஏற்பாடு. ஒரு மாதத்தில் மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார். வழக்கு 95 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. பயனர்களுக்குக் கொடுத்த அந்தரங்க வாக்குறுதிகளை மீறியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டில் 2011 நவம்பரில் அந்த நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மீறினார்கள் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பது எங்காவது இருக்க வேண்டும் இல்லையா? நிறுவனங்கள் தங்கள் விதிமுறைப் பக்கத்தை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடும். அன்று அவர்கள் வாயால் சொன்னதைத் தேதியோடு எழுதிவைத்தது எங்களைப் போன்ற செய்தியாளர்கள்தான்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மட்டும் சொந்தமான விஷயம். ஆனால் இதனால்தான் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

2004 டிசம்பர் 25 மாலை. சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ்துமஸ். நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாகப்பட்டினத்தில் அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் கடிகாரத்தில் ஏழரை மணியைத் தாண்டி யாரோ சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். அத்தை வீடு வெளிப்பாளையத்தில். போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. விடிய விடியப் போட்டேன். தொலைக்காட்சியில் தாய்லாந்தைக் காட்டினார்கள், இலங்கையைக் காட்டினார்கள், நாகையைக் காட்டவில்லை. எனக்குக் கிடைத்த முதல் தகவல் ஒரு வலைப்பதிவிலிருந்து வந்தது. மும்பையில் சிலர் சேர்ந்து சுனாமி உதவிக்கென்று ஒரு வலைப்பதிவைத் தொடங்கியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து அதில் எழுதினார்கள். எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது, எங்கே துணி வேண்டாம் தண்ணீர்தான் வேண்டும், யார் யாரைத் தேடுகிறார்கள் என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய ஒரு விக்கித் தளமும் வந்தது. வேடிக்கைக்காகக் கட்டிய கருவிகள் எதற்குப் பயன்படும் என்று நான் முதல் முறையாகப் புரிந்துகொண்டது அந்த வாரத்தில்தான்.

மூன்றாம் நாள் அத்தை கிடைத்தார். பிழைத்திருந்தார். அவர் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் அம்மா, அக்கரைப்பேட்டைக்காரர், போய்விட்டார். சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எனக்கென்று தனியாக நாலு இறால் எடுத்து வைப்பார். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஜனவரியில் அந்தத் தன்னார்வலர்களைத் தேடித் தேடித் தொலைபேசியில் பேசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். அதன் கடைசிப் பத்தியில் மீன்கார அம்மாவின் பெயரை எழுதினேன். ஆசிரியர் அதை வெட்டவில்லை. எனக்குத் தெரிந்து அவர் பெயர் எழுத்தில் வந்த ஒரே இடம் அதுதான். கீழே அறுபத்தெட்டு மறுமொழிகள் இருந்தன. காரைக்கால், மட்டக்களப்பு, பாண்டா ஆச்சே என்று ஊர் ஊராக, தங்கள் வீட்டில் போனவர்களின் பெயரை எழுதியிருந்தார்கள். அவற்றுக்கு என்னிடம் நகல் இல்லை. உங்கள் சர்வரில்தான் இருந்தன. இப்போது அந்த முகவரியைத் தட்டினால் உங்கள் முகப்புப் பக்கத்துக்குப் போகிறது, அங்கே புது ஹெட்போன்களின் விலை ஒப்பீடு இருக்கிறது.

மாசத்துக்குப் பத்துப் பேர் என்றீர்கள். அந்தப் பத்துப் பேர் யார் என்று பார்த்தீர்களா? 

நாங்கள் எவற்றைப் பற்றி எழுதினோமோ அந்தத் தளங்கள் பெரும்பாலும் இன்று இல்லை. 1999இல் முந்நூற்றைம்பது கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய, இலவச வலைப்பக்கங்களுக்கான ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. ஃப்ரெண்ட்ஸ்டர் கைமாறி, 2011இல் பயனர்களின் படங்களையும் பதிவுகளையும் அழித்துவிட்டு விளையாட்டுத் தளமானது. 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களைத் தொலைத்துவிட்டதாக மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் நூற்றுக்கு 38, பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டதாகவும், ஆங்கில விக்கிப்பீடியாவில் பாதிக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரு மேற்கோளாவது செத்துக் கிடப்பதாகவும் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. தளங்கள் போன பிறகு அவை எப்படி இருந்தன, உள்ளே யார் உழைத்தார்கள், மூடிய அன்று பயனர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்குச் செய்திகள்தான் மிச்சம். இப்போது அதையும் எடுத்துவிட்டால் அந்த ஐந்தாறு வருடங்களைப் பற்றி வென்ற நிறுவனங்கள் தாங்களே எழுதிக்கொண்ட வரலாறு மட்டும்தான் இருக்கும். தோற்றுப்போன நூற்றுக்கணக்கானவர்கள், இரவில் சர்வர் விழுந்தால் ஓடிவந்து தூக்கி நிறுத்தியவர்கள், பயனர்களின் வசவுக் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதிய பெண்கள், அவர்கள் யாரும் அந்த வரலாற்றில் வர மாட்டார்கள். என் பேட்டிகளில் பாதிக்கு மேல் அவர்களோடு எடுத்தவை.

பௌன்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. 2008 டிசம்பரில் அதை மூடினார்கள். என் வேலையும் அந்த மாதம்தான் போனது. அக்டோபரில் செக்கோயா முதலீட்டு நிறுவனம், நல்ல காலம் முடிந்தது என்று தன் நிறுவனங்களைக் கூட்டிச் சொன்ன பிறகு விளம்பரம் நின்றுபோய், எங்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அது வேறு கதை. பௌன்ஸ் மூடும்போது இரண்டு வார அவகாசம் கொடுத்தது, எழுதியதை எடுத்துக்கொண்டு போக வழியும் செய்தது. ஜியோசிட்டீஸுக்குப் பல மாத அவகாசம் இருந்ததால் தன்னார்வலர்கள் இரவு பகலாக உட்கார்ந்து 600 ஜிபிக்கு மேல் காப்பாற்றினார்கள். நீங்கள் எங்களுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பழைய வலைப்பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினிலாவது இருக்கும் என்று தேடினேன். உங்கள் தளம் அதிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. பெரும்பாலும் தள உரிமையாளர் கேட்டால்தான் அப்படிச் செய்வார்கள். அதாவது வேறொருவர் வீட்டில் பத்திரமாக இருந்த நகலையும் மூடிவைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கான காரணத்தை நீங்கள் தொலைபேசியில் சொல்லவில்லை. நானும் அப்போது அறியாததால் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்: ஏன்?

இனி என் கோரிக்கைகள்.

எடுத்த பக்கங்களை, மறுமொழிகளோடும் படங்களோடும், அதே பழைய முகவரிகளில் மீண்டும் ஏற்றுங்கள். விளம்பரம் வேண்டாம், வடிவமைப்பு வேண்டாம், வெறும் எழுத்தாக இருந்தால் போதும். ஐந்து வருட எழுத்து ஒரு பென் டிரைவில் அடங்கும். இடச் செலவு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அதைச் செய்ய முடியாது என்றால், முழுத் தரவுத்தளத்தையும் வேபேக் மெஷினை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவிடம் ஒப்படையுங்கள். அவர்கள் அலுவலகம் இதே ஊரில், ஃபன்ஸ்டன் அவென்யூவில், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது. வட்டை நானே வாங்கித் தருகிறேன், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பழைய முகவரிகளைத் தட்டினால் உங்கள் முகப்புக்குப் போகாமல் அந்த நகலுக்குப் போகும்படி செய்யுங்கள்.

இரண்டில் எதை முடிவு செய்தாலும் வேபேக் மெஷினிலிருந்து தளத்தை விலக்கும்படி கொடுத்த கோரிக்கையை உடனே திரும்பப் பெறுங்கள். ஒரு மின்னஞ்சலில் முடியும் வேலை இது. இதற்கு எந்தக் கூட்டமும் தேவையில்லை.

நீங்கள் வெளியிட விரும்பாத கட்டுரைகளின் மறுவெளியீட்டு உரிமையை எழுதியவர்களுக்கு எழுத்து மூலமாகத் திருப்பிக் கொடுங்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒன்பது பேரிடம் பேசிவிட்டேன், எல்லோரும் கையெழுத்திடத் தயார். எங்கள் செலவில் நாங்கள் வெளியிட்டுக்கொள்கிறோம்.

2010க்குப் பிறகு எழுதியவர்கள் இன்னும் உங்களோடு இருக்கிறார்கள். அவர்கள் எழுத்தை எடுக்கும் எண்ணம் வந்தால் குறைந்தது தொண்ணூறு நாள் முன்னதாக அவர்களுக்கும் வாசகர்களுக்கும் சொல்வோம் என்று தளத்திலேயே அறிவியுங்கள்.

காப்புப் பிரதிகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு "அறுபது நாள் இருக்கும் சார்" என்றீர்கள். அதில் முப்பத்திரண்டு நாள் போய்விட்டது. சுனாமிக் கட்டுரையையும் அதன் கீழே இருந்த அறுபத்தெட்டு மறுமொழிகளையும் மட்டுமாவது இந்த வாரமே எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். மற்றவற்றுக்கு வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். என் எண் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
2004 முதல் 2008 வரை உங்கள் தளத்தின் செய்தியாளர்